சலவைச் சீட்டு

லாடியமில் கடைசித் தெரு.
நீராவி போகிற சந்து எது என்றால் யாரும் காட்டுவார்கள்.
பதினோரு வருஷம் அங்கே இஸ்திரி போட்டேன்.
வாரத்துக்கு இரண்டு முறை சாம்பல் நிற வேன் ஒன்று வரும்.
உள்ளே வெள்ளைக் கோட்டுகள்,
பெயர் கிடையாது, காலருக்குள் எண் மட்டும்.

'மேரி, எண்ணிக் கையெழுத்துப் போடு' என்பான் ஓட்டுநர்.
அவனுக்கு இந்தியப் பெண்கள் எல்லோரும் மேரி.
தெய்வானை என்று கொட்டை எழுத்தில் எழுதிக்
கல்லாவில் ஒட்டி வைத்தேன்.
படித்துவிட்டு, 'சரி மேரி' என்றான்.

கறை எனக்குத் தெரியும்.
மஞ்சளுக்கு வெயில், துருவுக்கு எலுமிச்சை,
ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்; சுடுநீர் பட்டால் ஒட்டிக்கொள்ளும்.
அந்தக் கோட்டுகளில் கறையே இருக்காது.
அழுக்கில்லாததை எதற்குத் துவைக்க அனுப்புகிறார்கள்?
கேட்கக் கூடாத கேள்விகளுக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை.
இதையும் மடித்து வைத்தேன்.

தொண்ணூறு, பிப்ரவரி, வெள்ளிக்கிழமை.
அடுத்த வாரம் காவடி. நான் விரதம்.
ரேடியோவில் அதிபர் பேசினார்,
கஞ்சி போட்ட குரல், எங்கும் மடிப்புக் கலையவில்லை.
நடுவில் ஒரு வாக்கியம்:
கட்சிகள் மேல் இருந்த தடை நீங்கியது.
டிகெலெடி இஸ்திரிப் பெட்டியைத்
துணியின் மேலேயே விட்டுவிட்டுச் சந்துக்கு ஓடினாள்.
யாரோ ஒரு மாஜிஸ்ட்ரேட்டின் சட்டை,
முதுகில் கப்பல் வடிவத்தில் கருகியது.
வெளியே அவள் அண்ணன் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்:
லெசேஜா, லெசேஜா.
எழுபத்தாறில் எல்லை தாண்டிப் போனவன்.
அதுவரை அந்தப் பெயரை அவள் வாயில்
மூச்சாகத்தான் கேட்டிருக்கிறேன்.

முப்பது வருஷம் தெருவெல்லாம் கத்தியதையே
அந்த மனிதர் சொன்னார்.
மைக்கில் சொன்னதால் சட்டத்தின் காதில் விழுந்தது.
அதற்காக நன்றி சொல்வதா என்று
இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை.

அந்தக் குளிர்காலம் வேன் அடிக்கடி வந்தது.
பிறகு குறைந்தது. பிறகு வரவே இல்லை.
அதற்கு யாரும் உரை நிகழ்த்தவில்லை.
கொக்கியில் ஒரே ஒரு கோட்டு மிஞ்சியது,
எண் நாற்பத்தொன்று,
சீட்டின் மறுபாதி கேட்டு யாரும் வரவில்லை.

தொண்ணூற்று மூன்று, மார்ச், புதன்.
அதே குரல், அதே கஞ்சி.
அணுகுண்டு செய்து வைத்திருந்தோம். ஆறு.
ஆறையும் பிரித்துப் போட்டாகிவிட்டது.
பயமுறுத்த மட்டும்தான் வைத்திருந்தோம்.

எங்கள் பாஷையில் ஆறு ஓர் எண்,
ஓடுகிற தண்ணீர்,
சூடு தணி என்கிற ஏவல்.
அன்றைக்கு மூன்றில் எதுவும் பொருந்தவில்லை.
ஆறுதல் என்றும் ஒரு சொல் உண்டு. அதுவும்தான்.

நான் கொக்கியைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.
அங்கேயிருந்து வந்த கோட்டுகளா? தெரியாது.
மருந்துத் தொழிற்சாலையாகவும் இருக்கலாம்.
'யார் மேல் போட வைத்திருந்தார்களாம்?' என்றாள்.
ரேடியோ கைதட்டலுக்குப் போய்விட்டது.

செய் என்று ஒரு நாள் யாரோ சொல்லியிருப்பார்கள்,
மைக் இல்லாத அறையில், தேநீர் ஆறுவதற்குள்.
அந்த உரையை நான் கேட்டதில்லை,
நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.
நம் காதுக்கு வந்தது
எல்லாம் முடிந்தபின் எழுதிய சீட்டு:
பெற்றுக்கொண்டோம், திருப்பித் தந்தோம், கணக்குத் தீர்ந்தது.

லெசேஜா திரும்பவில்லை.
அதற்கு எந்த உரையிலும் ஒரு வரி இல்லை.

அடுத்த ஏப்ரலில் ஓட்டுப் போட நின்றோம்,
பள்ளிக்கூடச் சுவரைச் சுற்றி வளைந்த வரிசை.
அடையாள அட்டையைப் பார்த்த பையன்
என் பெயரைத் தப்பாக வாசித்தான்,
ஆனால் முழுசாக வாசித்தான்.

கோட்டை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள்.
நல்ல கெட்டித் துணி.
பொத்தானைப் பிய்த்து, தையலைப் பிரித்து,
இஸ்திரி மேசைக்கு உறை தைத்தோம்.
சூடு பட்டால் அதிலிருந்து இன்னும் லேசாக ஒரு வாடை வருகிறது.
டிகெலெடி, அப்படி ஒன்றும் இல்லை என்கிறாள்.